மாணவர் பணம் முதலில் ஹெட்போனுக்கே போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மாணவர்கள் தம்மிடமுள்ள சிறு தொகையைக் கொண்டு ஹெட்போன் அமைப்பைப் படிப்படியாக மேம்படுத்திக்கொள்வது எப்படி என்று தங்கள் நாளிதழின் இளைஞர் இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு பொருளுக்கு நாளிதழ் இடம் ஒதுக்கியது மகிழ்ச்சிக்குரியது. பாட்டுக் கேட்பதை வீண்பொழுது என்று தள்ளிவிடாமல், நல்ல ஒலியைத் தேடும் இளைஞரின் ஆசையை மதித்து அது எழுதப்பட்டிருந்தது. ஆனால் கையிலுள்ள தொகையில் பாதியை ஹெட்போனுக்கும், மீதியை, எண்வடிவ இசையை மின்னலையாக்கும் டி.ஏ.சி.க்கும் அந்த அலைக்கு வலுவூட்டும் ஆம்ப்ளிஃபயருக்கும், மிஞ்சினால் ஒரு விலையுயர்ந்த கேபிளுக்கும் பங்கிடச் சொன்ன இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்த அறிவுரையைப் பின்பற்றும் மாணவர் பணத்தை இழப்பார். அவர் கேட்கும் இசை அதற்கு ஈடாக மேம்படாது. இக்கடிதம் சற்று நீளமாக இருப்பதைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஒரு கலைக் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையில் ஒலிப்பதிவுக் கூடத்தைக் கவனித்துவருகிறேன். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் முதலாண்டு மாணவர்கள் தாங்கள் வாங்கிய, அல்லது வாங்கப்போகும் ஒலிக்கருவிகளைப் பற்றிக் கேட்க என்னிடம் வருகிறார்கள். அவர்களில் பலர் விடுதி மெஸ் கட்டணத்தை மாதாமாதம் எண்ணிக் கட்டுகிறவர்கள். கல்வி உதவித்தொகை வந்த கையோடு அதில் ஒரு பகுதியை இதற்கென எடுத்துவைப்பவர்களும், வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தை நம்பி இ.எம்.ஐ.யில் வாங்குகிறவர்களும் உண்டு. ஒரு திருமண வீட்டு ஒளிப்பதிவுக்கு உதவியாளாகப் போய்ச் சம்பாதித்த பணத்தில் ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிட்டு, அதில் செருகுவதற்குச் சந்தையிலேயே மலிவான இயர்போனை வைத்திருந்த மாணவரை நான் பார்த்திருக்கிறேன். அவர்மீது எனக்குக் குறையில்லை. எந்த வரிசையில் செலவிட வேண்டும் என்பதை அவருக்கு யாரும் நேராகச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

இசை நம் செவிக்கு வந்து சேரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைபேசியிலோ மடிக்கணினியிலோ எண்களாக இருக்கும் இசையை டி.ஏ.சி. மின்னலையாக மாற்றுகிறது. ஆம்ப்ளிஃபயர் அந்த அலைக்கு வலுவூட்டுகிறது. ஹெட்போனுக்குள் இருக்கும் டிரைவர், மெல்லிய படலம் ஒன்றை அதிரச்செய்து, அதைக் காற்றின் அசைவாக்குகிறது. முதல் இரண்டும் மின்சுற்றின் வேலை; இன்று விரல்நகம் அளவுள்ள சில்லு அவ்விரண்டையும் செவ்வனே செய்துமுடிக்கிறது. மனிதச் செவிக்கு எட்டும் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லையில், ஓரளவு ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட இரண்டு டி.ஏ.சி.களுக்கு இடையே இருக்கும் வேறுபாடு பெரும்பாலும், ஒலியளவின் அலகான டெசிபலில், ஒன்றின் சிறு பகுதியே. மூன்றாவது வேலையின் நிலைமை வேறு. படலத்தின் எடை, அதன் பின்னுள்ள காற்றறை, காதுக்கும் கருவிக்கும் நடுவிலுள்ள இடைவெளி, செவித்துளையின் நீளம் எல்லாம் அதில் கலந்துவிடுவதால், ஒரே விலையுள்ள இரண்டு ஹெட்போன்கள் ஒரே சுரத்தை 5 டெசிபல், சில இடங்களில் 10 டெசிபல் ஏற்ற இறக்கத்தோடு ஒலிக்கக் கூடும். நாம் கேட்கும் வேறுபாட்டில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறதோ, பணத்தில் பெரும்பங்கும் அங்கேதான் போக வேண்டும்.

அப்படியானால் ஹெட்போனுக்கு அதிகப் பணம் கொடுத்தால் அதிக நன்மை என்றாகிவிடுமா என்று கேட்கலாம். அதுவும் இல்லை என்பதற்கு ஆய்வே இருக்கிறது. 2017ஆம் ஆண்டில் யெரூன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, அவற்றின் அதிர்வெண் சமநிலைக்கும் (தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எது எந்த அளவில் ஒலிக்கிறது என்பது) கடை விலைக்கும் தொடர்பு இல்லை என்று அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் எழுதினார். அதற்கு முன்பே, 2012ஆம் ஆண்டு முதல், ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் தம் குழுவினரோடு, கேட்பவருக்கு எந்தப் பிராண்ட் என்று தெரியாத வகையில் சோதனைகள் நடத்தி, பெரும்பாலோர் எந்தச் சமநிலையை விரும்புகிறார்கள் என்று தொடர்ந்து ஆராய்ந்துவந்தார்கள். நல்ல ஒலிபெருக்கி வைத்த நல்ல அறையில் கேட்பதை ஒத்த சமநிலையே பெரும்பாலோருக்குப் பிடித்திருந்தது. இன்று ஹார்மன் டார்கெட் என்று மாணவர்கள் பேசிக்கொள்வது அதைத்தான். அந்தச் சமநிலை எல்லோருக்கும் வெளிப்படையாகக் கிடைத்ததால், அதை இலக்காகக் கொண்டு மலிவான கருவியையும் செய்ய முடிந்தது. சீனத்தின் செங்டு நகரைச் சேர்ந்த மூன்டிராப் நிறுவனம் 2022இல் சூ என்ற இயர்போனை ஏறத்தாழ 20 டாலர் விலையில் வெளியிட்டது. அதே ஆண்டில் வெளிவந்த 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோவும் அதே விலையை ஒட்டியதே. கேபிளைக் கழற்ற முடியாது என்பது முதல் சூவில் இருந்த குறை. அடுத்து வந்த சூ 2இல் அது தீர்ந்தது. இவ்விரண்டைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. செவித்துளைக்குள் பொருந்தும் இவ்வகைக் கம்பியுள்ள இயர்போன்கள், மாணவர்கள் ஐ.இ.எம். என்று அழைப்பவை, ஆயிரத்தைந்நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் இன்று எட்டியிருக்கும் தரம், முன்பு அந்த விலையில் நினைத்தும் பார்க்க முடியாதது.

ஆம்ப்ளிஃபயர் தேவையா என்பதைக் கணக்கே சொல்லிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் அதற்குப் போதும். 32 ஓம் இம்பிடன்ஸும் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை), ஒரு மில்லிவாட் திறனுக்கு 100 டெசிபல் உணர்திறனும் (அத்திறனில் எழும் ஒலியளவு) கொண்ட ஓர் இயர்போனை எடுத்துக்கொள்வோம். அதை 1 வோல்ட் தரும் சாதாரண டாங்கிளில் (கைபேசிக்கும் இயர்போனுக்கும் நடுவே மாட்டும், டி.ஏ.சி.யும் ஆம்ப்ளிஃபயரும் அடங்கிய சிறு இணைப்பான்) செருகினால் கிடைக்கும் திறன் சுமார் 31 மில்லிவாட். ஒலியழுத்தம் 115 டெசிபலைத் தொட்டுவிடும். அந்த அளவில் யாரும் பாட்டுக் கேட்கவே கூடாது. இன்னும் கடினமான நிலையைப் பார்ப்போம். 300 ஓம் இம்பிடன்ஸும் மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் உணர்திறனும் கொண்ட பெரிய ஹெட்போனுக்கும் அதே 1 வோல்ட் ஏறக்குறைய 3.3 மில்லிவாட் கொடுக்கும். அது 102 டெசிபல் வரை ஒலிக்கும். பெரும்பாலான இசைக்கு அதுவும் தாராளம். பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள இவ்விரண்டு எண்களை வைத்துக்கொண்டு மாணவர் தாமே கணக்கிட்டுவிடலாம். படலம் முழுவதும் தட்டையாக ஒன்றாய் அசையும் பிளானர் வகையைச் சேர்ந்த, உணர்திறன் மிகக் குறைந்த சில ஹெட்போன்களுக்கும், மிகத் தாழ்ந்த அளவில் பதிவான செவ்வியல் இசையை அத்தகைய கருவியில் கேட்பவர்களுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் உண்மையாகவே தேவைப்படும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாணவர் முதலில் வாங்கும் ஹெட்போன் அந்த வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

டாங்கிள் தேவைப்படும் இடங்கள் உண்டு. கைபேசிகளிலிருந்து 3.5 மி.மீ. துளை ஒவ்வொன்றாக மறைந்துவருவதால், கம்பியுள்ள இயர்போன் வைத்திருப்பவருக்கு அது இன்றியமையாதது. மேசைக் கணினியின் முன்பக்கத் துளையில் இயர்போனைச் செருகினால் சுட்டியை நகர்த்தும்போதெல்லாம் கீச்சென்ற இரைச்சல் கேட்பதும், சார்ஜர் போட்டவுடன் மடிக்கணினியில் உறுமல் எழுவதும் பல மாணவர்களுக்குப் பழக்கமான தொல்லை. முன்னது கணினிக்குள்ளேயே நிறைந்திருக்கும் மின்னிரைச்சலால் வருவது; பின்னது சார்ஜர் வழியாக வருவது. வெளியே தொங்கும் சிறு யு.எஸ்.பி. டாங்கிள் முன்பக்கத் துளையின் இரைச்சலைப் பெரும்பாலும் போக்கிவிடுகிறது. ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஆப்பிளின் டைப்-சி டாங்கிள், அளவீடுகளில் தன்னைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவிகளுக்குச் சமமாக நிற்கிறது; ஆனால் சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அதன் ஒலியளவு முழுமையாக ஏறுவதில்லை என்பதை அறிந்து வாங்க வேண்டும். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு விற்கும் சில இணைப்பான்களுக்குள் டி.ஏ.சி.யே இருக்காது. டைப்-சி துளை வழியாக மின்னலையை நேரடியாக அனுப்பும் கைபேசிகளில் மட்டுமே அவை வேலை செய்யும். மற்றவற்றில் செருகினால் ஒலியே வராது. கடைக்காரரிடம் தம் கைபேசியைக் கொடுத்து அங்கேயே செருகிப் பார்த்த பிறகே மாணவர் பணம் கொடுக்க வேண்டும்.

கேபிளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஒன்றேகால் மீட்டர் நீளச் செம்புக் கம்பியின் மின்தடை ஓம் கணக்கில் மிகச் சிறியது. அதை வெள்ளி பூசிய கம்பியாக மாற்றுவதால் இசை மாறாது. கேபிளில் பார்க்க வேண்டியவை அது கழற்றக்கூடியதா, சட்டையில் உரசும்போது காதுக்குள் சத்தம் வருகிறதா, பிளக் அருகே வளைந்து முறியாதபடி பாதுகாப்பு இருக்கிறதா என்பனவே.

கட்டுரை ஒரு வரியில் கடந்துபோன ஒன்றை நான் நின்று சொல்ல விரும்புகிறேன். அது பொருத்தம். செவித்துளையை இயர்போன் முழுமையாக அடைக்காவிட்டால், அதன் விலை என்னவாக இருந்தாலும் பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி முழுவதும் வெளியே கசிந்துவிடும். எஞ்சுவது மெலிந்த, கீச்சென்ற ஒலி. என்னிடம் வந்து, வாங்கிய இயர்போன் சரியில்லை என்று வருந்திய மாணவர்களில் பலருக்கு, பெட்டியிலேயே இருந்த சிறிய, நடுத்தர, பெரிய ரப்பர் முனைகளில் வேறொன்றை மாட்டிக் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்ற விதியும் இல்லை. பலருக்கு இடச்செவியும் வலச்செவியும் வேறுபடும். ரப்பர் முனை நழுவினால் நுரை முனை பொருந்தலாம். இரண்டு ஜோடி முனைகளுக்கு ஆகும் சில நூறு ரூபாய் பல மாணவர்களுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபயரைவிட அதிகம் பயன்தரும். காதைச் சுற்றி அமரும் பெரிய ஹெட்போனை வாங்குபவர், தாம் கண்ணாடி அணிபவரானால் கண்ணாடியோடுதான் அதை மாட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிவிட்டால் அங்கும் அதே கசிவுதான்.

நம் ஊரின் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். குளிர் நாட்டவர் எழுதிய மதிப்புரைகளை நம்பி வாங்கிய தடித்த செயற்கைத்தோல் மெத்தையுள்ள ஹெட்போனை, சித்திரை மாதத்து விடுதி அறையில் ஒரு மணி நேரம் அணிந்திருக்க முடியாது. வியர்வையில் அந்தத் தோல் ஓரிரு ஆண்டுகளில் உரிந்து, கறுப்புத் துணுக்குகளாகக் கன்னத்தில் ஒட்டத் தொடங்கிவிடும். மெத்தை உரிந்தால் அழகு மட்டும் கெடுவதில்லை. காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரமும் அடைப்பும் மாறிவிடுவதால் ஒலியே மாறிவிடும். ஆகவே மெத்தை தனியாக விற்பனைக்குக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குவது, ஓரிரண்டு நட்சத்திரம் கூடுதலாகப் பெற்ற மாடலை வாங்குவதைவிட நல்லது. பின்புறம் திறந்த ஓப்பன்-பேக் வகை, காற்றோட்டம் கொண்டது, ஒலியில் விசாலம் தருவது என்று பெரிதும் புகழப்படுகிறது, அப்புகழ் நியாயமானதே. ஆனால் மின்விசிறி சுழன்றுகொண்டே இருக்கும், நான்கு பேர் தங்கும் அறையில் அதன் நுட்பமெல்லாம் விசிறிச் சத்தத்தில் கரைந்துபோகும். நமது பாட்டும் பக்கத்துக் கட்டிலில் படிப்பவருக்குக் கேட்கும். தனியறை கிடைக்கும் காலம் வரும்போது அதை வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு பைசாவும் செலவில்லாத மேம்பாடு ஒன்று இருக்கிறது; அதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது எனக்கு மிகவும் வருத்தம். விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளும், ஆண்ட்ராய்டு கைபேசியில் வேவ்லெட் என்ற செயலியும் கொண்டு, ஹெட்போனின் ஏற்ற இறக்கங்களைத் தேவையான அளவு நிமிர்த்திவிடலாம். யாக்கோ பசனென் என்பவர் உருவாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டுள்ள ஆட்டோஈக்யூ என்ற திட்டத்தில், ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கு உரிய திருத்த எண்கள் அளவீட்டின் அடிப்படையில் ஆயத்தமாக இருக்கின்றன. மாணவர் தம் மாடலின் பெயரைத் தேடி எடுத்து அவ்வெண்களை இட்டால் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். ஏதேனும் ஒரு பகுதியை 6 டெசிபல் உயர்த்தினால், மொத்த ஒலியளவை அதே 6 டெசிபல் முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உரத்த இடங்களில் அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரப்பு உண்டாகும். உயர் அதிர்வெண்களில் ஒவ்வொருவர் செவியும் வேறுபடுவதால், 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எண்களை அப்படியே நம்பாமல் தம் காதைக் கேட்டு மாற்றிக்கொள்வதும் நல்லது. எந்த ஹெட்போனையும் குறையற்றதாக்கிவிடும் வித்தையல்ல இது. சமநிலை ஓரளவு ஒழுங்காக உள்ள கருவியை இன்னும் செம்மையாக்கும் வழி.

பேஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்ல ஹெட்போன் என்ற எண்ணம் நம் கடைகளில் வேரூன்றியிருப்பதால் இதை வலியுறுத்துகிறேன். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் உள்ள கரணை என்னும் கறுப்புப் பூச்சு, சாதாரணத் தோல் முரசில் அடிச்சுரத்தோடு எழுந்து ஒழுங்கற்றுச் சிதறும் மேற்சுரங்களை, தந்தியில் எழுவதைப் போன்ற ஒழுங்கான வரிசைக்குக் கொண்டுவருகிறது என்பதை சர் சி.வி. ராமன் 1920ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். மிருதங்கம் சுருதியோடு சேர்ந்து பேசுவது அந்த மேற்சுரங்களால்தான். இடப்பக்கமான தொப்பியின் தாழ்ந்த கும்காரத்தை மட்டும் ஊதிப் பெருக்கும் ஹெட்போனில் வலந்தலையின் அந்த நாதமும், தம்புராவின் ரீங்காரமும் மூடுண்டு போகின்றன. இசைக் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி, தம் குருவின் பதிவில் தனி ஆவர்த்தனத்தின் சொற்கட்டு தெளிவாகக் கேட்கவில்லை என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். பதிவு நன்றாகவே இருந்தது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவருடைய ஹெட்போன் அளவுக்கு மீறி வீங்கியிருந்தது. அதை 7 டெசிபல் இறக்கியவுடன் சொற்கள் பிரிந்து கேட்டன. அன்று அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சிக்காகவே இந்தக் கடிதத்தை எழுதலாம்.

இசையில் எதையும் நீக்காத லாஸ்லெஸ், குறுந்தகட்டைவிட நுட்பமானது என்று விற்கப்படும் ஹை-ரெஸ் போன்ற சொற்களுக்காகவும் மாணவர்கள் பணம் கொடுக்கிறார்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று குறுந்தகட்டுக்கு வகுத்த அளவே மனிதச் செவியின் எல்லையை நிறைவு செய்துவிடுகிறது. ஹை-ரெஸ் முத்திரைக்குத் தேவையான 40,000 ஹெர்ட்ஸ் ஒலியை நம்மில் எவராலும் கேட்க முடியாது. சுருக்கப்பட்டு 320 கிலோபிட் அளவில் வரும் பாடலுக்கும் லாஸ்லெஸ் பாடலுக்கும் வேறுபாடு தெரிகிறதா என்று அறிய விரும்பும் மாணவர், ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளில் எது எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்டுச் சோதிக்கலாம். இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்பது முக்கியம். சற்று உரத்து ஒலிப்பதே தரமானது என்று செவி எளிதில் நம்பிவிடும். கடையில் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போதும் இது பொருந்தும்.

புளூடூத் இயர்பட்களை நான் குறைசொல்லவில்லை. பேருந்தில் நின்றுகொண்டு செல்பவருக்குக் கம்பி இல்லாதது பெரிய வசதி. ஆனால் அவற்றுக்குள் ஒட்டப்பட்டிருக்கும் சிறு லித்தியம் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பெரும்பாலான மாடல்களில் அதை மாற்ற இயலாது. அதே மூவாயிரம் ரூபாயில் கம்பியுள்ள நல்ல இயர்போனையும் டாங்கிளையும் சேர்த்து வாங்கிவிடலாம். கேபிள் அறுந்தால் கேபிளை மட்டும், முனை கிழிந்தால் முனையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கேபிள் கழற்ற முடியாததாக இருந்தாலும் கவலையில்லை. ஹெட்போன்கள் பெரும்பாலும் பிளக் அருகில்தான் அறுகின்றன. டிரைவர் கெடுவது அரிது. சென்னை ரிச்சி தெருவிலும், மாவட்டத் தலைநகரங்களின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் புதிய 3.5 மி.மீ. பிளக் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளிருக்கும் மெல்லிய கம்பிகளின் மேல் எனாமல் பூச்சு இருக்கும். அதைச் சால்டரிங் அயனின் சூட்டில் நீக்கி, ஈயம் ஏற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும். இது தெரியாமல் பற்றவைத்துவிட்டு ஒலி வரவில்லை என்று தூக்கியெறியப்பட்ட ஹெட்போன்கள் பல. சிவப்பு வலச்செவிக்கு, பச்சை அல்லது நீலம் இடச்செவிக்கு, செம்பு நிறம் பொதுக் கம்பிக்கு என்பது பொதுவான வழக்கம். மைக் இருந்தால் இன்னொரு கம்பி கூடும். எங்கள் கூடத்தில் மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கிறோம். ஒருமுறை கற்ற மாணவர் தம் விடுதி முழுவதற்கும் பழுதுபார்ப்பவராகிவிடுகிறார்.

ஒலி, ஒளிப்பதிவு படிக்கும் மாணவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். படத்தொகுப்பு மேசையில் மணிக்கணக்காக அமர்ந்து, உரையாடலில் உள்ள மூச்சையும் பின்னணி இரைச்சலையும் பிடிக்க வேண்டியவர்களுக்குக் காதைச் சுற்றி அமரும் மூடிய ஹெட்போன் வேண்டும். 1991ஆம் ஆண்டு முதல் சந்தையில் இருக்கும் சோனி எம்.டி.ஆர்.-7506 போன்றவை இன்றும் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்குவதற்குக் காரணம், அவற்றின் மெத்தையும் உதிரிபாகங்களும் இன்னும் கிடைப்பதுதான். இத்தகைய கருவியில் போலிகள் மிகுதி. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் அங்கே வாங்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பவர்கள் வரியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 2022ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் ஹெட்போன்கள் மீதான சுங்க வரி 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டது, அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் நம்முடையதே. உள்நாட்டில் பில்லோடு வாங்கிய பொருளுக்கு வாரண்டி மறுக்கப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்து முறையிடலாம்.

செவியின் நலனையும் இதோடு சேர்த்தே பேச வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரமும், சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் அதே நேரமும் என்று உலக சுகாதார அமைப்பு வரம்பு வகுத்திருக்கிறது. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரமே மிஞ்சும். மாநகரப் பேருந்தின் இரைச்சலுக்கு மேலே பாட்டைக் கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறவர் இந்த வரம்பை ஒரு வாரத்தின் முதல் சில நாட்களிலேயே கடந்துவிடக் கூடும். செவித்துளையை நன்றாக அடைக்கும் முனை வெளி இரைச்சலைத் தடுத்து, தாழ்ந்த ஒலியிலேயே எல்லாவற்றையும் கேட்க வைக்கிறது. பொருத்தத்துக்குச் செலவிடும் சில நூறு ரூபாயை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆம்ப்ளிஃபயர் வாங்கிய மாணவர் அதன் குமிழைத் திருப்பிப் பார்க்காமல் இருப்பதில்லை என்பதையும் நான் கண்டுவருகிறேன்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இனி ஹெட்போன்களைப் பற்றிப் பரிந்துரைப் பட்டியல் வெளியிடும்போது, விலையோடும் படத்தோடும் நிறுத்திவிடாமல், அதன் எடை, இம்பிடன்ஸ், உணர்திறன், கேபிளும் மெத்தையும் பேட்டரியும் மாற்றக்கூடியவையா என்ற விவரங்களையும் சேர்த்து அச்சிட வேண்டும். நிறுவனம் பணம் கொடுத்து வெளியிடும் பகுதியானால் அதைத் தலைப்பிலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும். கல்லூரி நிர்வாகங்களுக்கும் இதன்மூலம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நூலகத்திலோ ஒலிக்கூடத்திலோ ஒரு மேசை போட்டு, வெவ்வேறு வகையைச் சேர்ந்த நான்கைந்து ஹெட்போன்களும், துடைப்பதற்கு ஸ்பிரிட்டும் பஞ்சும், ஒரு பெட்டி நிறைய மாற்று முனைகளும் வைத்தால், மாணவர் பணம் கொடுக்கும் முன் தம் காதாலேயே கேட்டுப் பார்க்கலாம். ஒரு கணினியின் விலைகூட இதற்கு ஆகாது. எங்கள் துறையில் அத்தகைய மேசை இருக்கிறது; அதை எப்படி அமைத்தோம் என்பதை அறிய விரும்பும் பிற கல்லூரிகளுக்கு, தங்கள் அலுவலகம் வழியாக முழு விவரத்தையும் அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஒலிக்கூடப் பொறுப்பாளர், காட்சித் தொடர்பியல் துறை,
திருச்சிராப்பள்ளி.